காந்த ஒத்ததிர்வுக் கூடமும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து விடுதிக்குத் திரும்புகையில், இவ்வாண்டு முதுகலை வகுப்பில் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். "அக்கா, ஆய்வுக்கூடக் கதவில் 'இதயக் கருவி பொருத்தியோர் உள்ளே வரக்கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களே! கருவியின் பெயரிலும் 'நியூக்ளியர்' என்று இருக்கிறது. உள்ளே கதிர்வீச்சு உண்டா? நான் போகலாமா?" உடன் வந்தவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரோட்டிலிருந்து மைசூருக்கு வந்த புதிதில் இத்தகைய கதவு ஒன்றின் முன் நின்று, இதே ஐயத்தோடு உள்ளே செல்லாமல் திரும்பியவள் நான். அவர் கேட்டுவிட்டார், நான் கேட்கக் கூசினேன்.

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் இக்கருவி கிடையாது. அதன் நிறமாலையைப் பாடநூலில் படமாகப் பார்த்து, வினாத்தாளில் அச்சிட்ட எண்களைக் கொண்டு விடை எழுதித் தேறி வந்தவர்களே நம்மில் பெரும்பாலோர். இங்கு வந்தபின் ஒரு நாள் கையில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, "போய் எடுத்து வா" என்கிறார்கள். எங்கே போவது, எதைக் கொடுப்பது, எதைக் கேட்டு வாங்குவது என்பன தெரியாமல் நாம் விழிக்கிறோம். அதனால் இழப்பது நாளும் பொருளும் மட்டுமல்ல. தவறான முடிவையும் சில வேளை வீட்டுக்கு எடுத்து வருகிறோம். நானும் அவ்வாறு ஒன்றை எடுத்து வந்தேன். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் தம்பியின் ஐயம். 'நியூக்ளியர்' என்பது இங்கு அணுக்கருவைக் குறிக்கும் சொல்லே அன்றி, அணுகுண்டையோ கதிரியக்கத்தையோ குறிப்பதன்று. நாம் குடிக்கும் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவுக்கும் கரு உண்டு. அக்கருவைப் பிளப்பதோ சிதைப்பதோ இங்கு இல்லை. மருத்துவமனைகளில் 'எம்.ஆர்.ஐ.' என்னும் படமெடுக்கும் முறை இதே தத்துவத்தில் அமைந்ததுதான். ஆனால் அங்கே 'நியூக்ளியர்' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். நோயாளிகள் அஞ்சுவார்களே! கதவில் உள்ள எச்சரிக்கை காந்தத்தைப் பற்றியது. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியைக் காந்தப் புலம் குலைத்துவிடும். ஆகவே அவ்வெச்சரிக்கை மெய்யானது, மீறத் தகாதது. மற்றவர்கள் சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் வங்கி அட்டையையும் கைப்பேசியையும் வெளியே வைத்துவிட்டுத் தாராளமாக உள்ளே போகலாம்.

இனி, உள்ளே நடப்பது யாது எனக் காண்போம். ஹைட்ரஜனின் கரு ஒரு சிறு பம்பரம் போன்றது. அதே வேளையில் அது ஒரு சிறு காந்தமும் ஆகும். சுழலும் பம்பரம் சற்றே சாய்ந்தால் உடனே விழாமல் தலையாட்டிக்கொண்டே சுற்றுவதை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். காந்தப் புலத்தினுள் வைத்த அணுக்கருவும் அவ்வாறே தலையாட்டுகிறது. புலம் வலிதானால் ஆட்டமும் விரையும். ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் ஹைட்ரஜன் கரு நொடிக்கு ஏறத்தாழ 4 கோடியே 26 இலட்சம் முறை தலையாட்டும். அந்த ஆட்டத்துக்கு ஒத்த அதிர்வெண்ணுடைய ரேடியோ அலையை நாம் செலுத்தினால், தக்க சமயத்தில் தள்ளிய ஊஞ்சல் போல அது ஆற்றலை ஏற்றுக்கொள்கிறது. அலையை நிறுத்தியதும், ஏற்ற ஆற்றலின் எதிரொலியாக ஒரு மெல்லிய ரேடியோக் குறியை நமக்குத் திருப்பித் தருகிறது. இதுவே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆகும்.

மெல்லிய குறி என்றேன். எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்தால்தான் இக்கூடத்தில் ஏன் இவ்வளவு பெரிய காந்தம் என்பது விளங்கும். காந்தப் புலத்தில் கருக்கள் சில புலத்தின் திசையிலும் சில எதிர்த்திசையிலும் நிற்கும். இரு சாராரும் சமமாயின் ஒருவர் குறியை மற்றவர் அழித்துவிடுவர். மிச்சம் நிற்பவர்களே நமக்குக் குறி தருபவர்கள். 9.4 டெஸ்லா காந்தத்தில், அறை வெப்பத்தில், 10 இலட்சம் ஹைட்ரஜன் கருக்களுக்கு மிச்சம் நிற்பவை 32 மட்டுமே! மற்றவை இருந்தும் இல்லாதவையே. இந்த 32 பேரின் முணுமுணுப்பைக் கேட்கத்தான் அத்தனை ஏற்பாடும்.

இத்தத்துவத்தை நீர்மத்திலும் திண்மத்திலும் முதலில் மெய்ப்பித்தவர்கள் அமெரிக்காவில் இரு குழுவினர். ஸ்டான்போர்டில் பிளாக் என்பவர் நீரிலும், ஹார்வர்டில் பர்செல் என்பவர் பாரபின் மெழுகிலும் கண்டு 1946-இல் வெளியிட்டனர். 1952-இல் இருவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் வேதியியல் மாணவர்க்கு முக்கியமான ஆண்டு 1951 என்பது என் கருத்து. அவ்வாண்டில் ஸ்டான்போர்டிலிருந்து அர்னால்டு, தர்மட்டி, பாக்கார்டு என்னும் மூவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். எத்தில் ஆல்கஹாலைக் காந்தத்தில் வைத்தபோது ஒரே குறி வரவில்லை. மூன்று குறிகள் வந்தன. அவற்றின் பரப்புகள் 1, 2, 3 என்ற விகிதத்தில் இருந்தன. ஓ.எச். தொகுதியில் ஒரு ஹைட்ரஜன், சி.எச்.2 தொகுதியில் இரண்டு, சி.எச்.3 தொகுதியில் மூன்று என்று நாம் தாளில் எழுதும் வாய்பாட்டை, அணுக்களே எண்ணிச் சொன்னது போல் இருந்தது அது. அம்மூவருள் தர்மட்டி நம் நாட்டவர். அவர் தாயகம் திரும்பிப் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையைத் தொடங்கி வைத்தார். அதே 1951-இல், நமக்கு அண்மையிலுள்ள பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூர்யன் என்பவர் பாயும் நீர்மங்களில் இக்குறி எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். உலகில் இத்துறை தோன்றிய ஐந்தாண்டுகளுக்குள் நம் நாட்டில் அது வேரூன்றிவிட்டது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பெங்களூர்க் கழகத்தில் 1977-இல் 270 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று நிறுவப்பட்டது. அது மீக்கடத்திக் காந்தம் உடையது. அதனை நாட்டின் பிற கல்விக்கூடங்களின் மாதிரிகளுக்கும் திறந்துவிட்டனர். பொதுக் கருவிக் கூடம் என்ற எண்ணமே இதில் சிறப்பு. ஒரு கல்லூரி வாங்க இயலாததை எல்லாக் கல்லூரிகளும் பயன்படுத்தலாம் அன்றோ? அக்கூடமே இன்று அக்கழகத்தின் காந்த ஒத்ததிர்வு ஆராய்ச்சி மையமாக விளங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் இத்தகைய பொதுக் கூடம் அமைந்தது. மைசூரிலோ, நம் மானசகங்கோத்திரியின் விஞ்ஞான பவனில் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் எடுத்த நிறமாலைகளை ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றில் காணலாம். எந்தக் கருவி எந்த ஊரில் உள்ளது என்று தேடிப் பதிவு செய்வதற்கு 2020-இல் 'ஐ-ஸ்டெம்' என்னும் தேசிய ஏற்பாடும் தொடங்கப்பட்டது.

கூடத்தினுள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஓர் உலோக அண்டா. முக்காலியில் நிற்கும் அதனைப் பார்த்தால் பெரிய பால் கேன் ஒன்றின் நினைவே வரும். இதுதான் காந்தம். உண்மையில் இது ஒன்றனுள் ஒன்றாக வைத்த தெர்மாஸ் குடுவைகளின் அடுக்கு ஆகும். நடுக் குடுவையில் திரவ ஹீலியம். அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ். அதைச் சூழ்ந்து திரவ நைட்ரஜன். அது சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி. இடையிடையே வெற்றிடம். ஹீலியத்தில் மூழ்கியிருப்பது நையோபியம் கலந்த கம்பியைச் சுற்றிச் சுற்றி அமைத்த சுருள். அத்தனைக் குளிரில் அக்கம்பிக்கு மின்தடை என்பதே இல்லை. ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றி இரு முனைகளையும் இணைத்து மின் இணைப்பை எடுத்துவிட்டால், அந்த ஓட்டம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்வெட்டு வந்தால் கணினி அணையும், விளக்கு அணையும், காந்தம் அணையாது. இரவில் எவரும் இல்லாதபோதும் அது காந்தமே. துப்புரவு செய்ய வருபவர்கள் இரும்பு வாளியுடன் அருகில் வரலாகாது என்று எச்சரிப்பது இதனால்தான். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் புலம் 9.4 டெஸ்லா. நம் தென்னாட்டில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப் புலத்தைப்போல இது இரண்டு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது.

ஹீலியத்தைப் பற்றி இங்கு ஒரு செய்தி சொல்லாமல் போக மனமில்லை. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதனைக் காணப் பிரெஞ்சு வானியலார் ஜான்சென் வந்து தங்கிய ஊர் குண்டூர். அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அக்கிரகணத்தின்போது சூரியனின் ஒளியில் கண்ட மஞ்சள் கோடு ஒன்று, அறிந்த தனிமம் எதற்கும் பொருந்தவில்லை. அதற்குரிய தனிமத்துக்குச் சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று பெயரிட்டனர். 1895-இல் ராம்சே அதனைப் பூமியில் கண்டெடுத்தார். 1908-இல் ஹாலந்தில் காமர்லிங் ஆன்னஸ் அதனைத் திரவமாக்கினார். மூன்றே ஆண்டில் அக்குளிரைக் கொண்டு மீக்கடத்தலையும் அவரே கண்டார். நம் மாகாணத்து வானில் தோன்றிய ஒரு கோட்டின் கதை இவ்வாறு இந்த அண்டாவினுள் வந்து முடிகிறது. எனினும் நம் நாட்டிற்கு வேண்டிய ஹீலியம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அது சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். நைட்ரஜனையோ ஏறத்தாழ வாரந்தோறும் நிரப்புவர். நிரப்பும் நாளில் மாதிரி எடுக்கமாட்டார்கள். ஹீலியம் வரத் தாமதமானால் ஆராய்ச்சி மாணவர் பலரின் உறக்கம் கெடும். குளிர் குன்றிக் கம்பி மீக்கடத்தும் தன்மையை இழந்தால் முழுத் திரவமும் கொதித்து, ஏறத்தாழ 750 மடங்கு விரிந்து வாயுவாகப் பீறிட்டு வெளியேறும். அவ்வேளையில் அறையில் மூச்சுவிடக் காற்று இராது. அப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: அனைத்தையும் விட்டுவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும்.

அண்டாவின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு துளை உண்டு. நம் மாதிரிக் குழாய் காற்றின் மேல் மிதந்தபடி அதனுள் இறங்குகிறது. கீழிருந்து செருகியிருக்கும் உருளை வடிவக் கருவிக்குப் 'புரோப்' என்று பெயர். ரேடியோ அலையை அனுப்புவதும் எதிர்க்குறியைக் கேட்பதும் அதிலுள்ள சிறு சுருளே. பக்கத்து அலமாரி போன்ற பெட்டியில் ரேடியோ அலையை உண்டாக்கும் பகுதிகள் உள்ளன. பழங்காலத்துக் கருவிகளில் அதிர்வெண்களை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. 1966-இல் எர்ன்ஸ்டும் ஆண்டர்சனும் காட்டிய முறையில், ஒரே தட்டாகத் தட்டி எல்லா ஒலிகளையும் சேர்த்துக் கேட்டுப் பின் கணக்கால் பிரித்தெடுக்கிறோம். கோயில் மணிகள் பலவற்றை ஒருங்கே அடித்து, எந்த மணி எந்தச் சுரம் என்று காதால் பிரிப்பது போன்றது இது. எர்ன்ஸ்டுக்கு 1991-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடன் 1975-இல் இம்முறையால் உருவப்படம் எடுக்கும் வழியைக் காட்டிய மூவருள் ஒருவரான அனில் குமார், பின்னர்ப் பெங்களூர்க் கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

இக்கூடம் நமக்கு எடுத்துத் தருவன எவை? வழக்கமாக எடுப்பது ஹைட்ரஜன் நிறமாலை. சில நிமிடங்களில் முடியும். அடுத்தது கரி நிறமாலை. கரி அணுக்களில் குறி தருவது 13 நிறையுள்ளது மட்டுமே. அது இயற்கையில் நூற்றுக்கு 1.1 பங்குதான். ஆகவே பலமுறை தட்டிக் கேட்டுக் கூட்ட வேண்டும். இங்கே ஒரு கணக்கை நினைவில் வைக்க: இரைச்சலுக்கு மேல் குறி இரு மடங்கு தெளிவாக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும், நான்கு மடங்கு தெளிவுக்குப் பதினாறு மடங்கு. அதனால்தான் மாதிரியைத் தாராளமாகக் கொடு என்கிறார்கள். கருமித்தனம் செய்தால் விடியவிடியக் கருவி ஓடினாலும் பயனில்லை. புளூரின், பாஸ்பரஸ் ஆகியவற்றையும் கேட்டு எடுக்கலாம். எந்த ஹைட்ரஜன் எதற்கு அண்டை வீட்டான், எது எந்தக் கரியின் மேல் அமர்ந்திருக்கிறது என்று காட்டும் இருதிசைப் படங்களும் உண்டு. அவற்றை எல்லா மாதிரிக்கும் கேட்பது வீண். கரையாத திண்மப் பொருளை 54.7 டிகிரி சாய்வில் மிக விரைவாகச் சுழற்றி எடுக்கும் வசதி சில கூடங்களில் உண்டு. எலக்ட்ரான்களின் ஒத்ததிர்வு தனிப் பிரிவு. 1944-இல் ரஷ்யாவின் கசான் நகரில் சவோய்ஸ்கி கண்டது. அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் திட்டக் கட்டுரைக்காக மஞ்சளிலிருந்து குர்குமினைப் பிரித்தெடுத்தேன். ஈரோட்டு மஞ்சள் மண்டியின் வாசனையில் வளர்ந்தவளுக்கு வேறு பொருள் தோன்றுமா? திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அம்மா கொடுத்தனுப்பிய மஞ்சள்தான் அது. சாற்றை இறக்கி, எத்தில் ஆல்கஹாலில் கரைத்துப் படிகமாக்கி, வடித்து உலர்த்தி—உலர்த்தியதாக எண்ணி—ஒரு கூடத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரம் காத்திருந்தேன். வந்த தாளில் கோடுகள் அகன்று, மழையில் நனைந்த கோலம்போல் கரைந்து கிடந்தன. அவற்றின் நடுவே, குர்குமினில் இருக்கக் கூடாத இடத்தில், மூன்றாகப் பிளந்த முகடு ஒன்றும் நான்காகப் பிளந்த முகடு ஒன்றும் நின்றன. கோடுகள் அகன்றதற்குக் கருவியைப் பழித்தேன். பிளந்த முகடுகளைக் கண்டோ, புதிய பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரவெல்லாம் மகிழ்ந்தேன். குறிப்பேட்டில் அதற்கு ஒரு வாய்பாடு கூட வரைந்தேன்.

மறுநாள் அந்தக் கூடத்தில் கருவியை இயக்கும் அம்மையாரிடம் தாளுடன் போய் நின்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. என் குழாயை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்தார். "பாரம்மா" என்றார். அடியில் கரையாத மஞ்சள் துகள்கள் படிந்திருந்தன. குழாயில் புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால்தான் கோடு கூர்மையாக வரும். மிதக்கும் துகள் அச்சீர்மையைக் கெடுக்கும். குற்றம் கருவியுடையதன்று. பிறகு முகடுகளின் எண்களைக் காட்டினார்: 1.25, 3.72. "எதில் படிகமாக்கினாய்?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அது எத்தில் ஆல்கஹால்! 1951-இல் தர்மட்டியும் தோழர்களும் முதன்முதலாகக் கண்ட அதே முகடுகளை நானும் கண்டிருக்கிறேன். அவர்கள் காலத்தில் ஒவ்வொன்றும் பிளவின்றி ஒரு மேடாகத் தெரிந்தது. இன்றைய கருவி ஒவ்வொரு மேட்டையும் பிளந்து காட்டுகிறது. அண்டையில் இரண்டு ஹைட்ரஜன் இருந்தால் மூன்றாகவும், மூன்று இருந்தால் நான்காகவும் முகடு பிளக்கும் என்பது நாம் படித்த விதிதானே! படித்தது தேர்வுத்தாளில் நினைவுக்கு வந்தது; என் கையிலிருந்த தாளில் வரவில்லை.

ஆகவே மாதிரி கொடுக்கும் முன் நாம் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறேன். பொருளை வெற்றிடத்தில் வைத்து நன்றாக உலர்த்த வேண்டும். ஹைட்ரஜன் நிறமாலைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் போதும். கரிக்கு அதைப்போலச் சில மடங்கு வேண்டும். கரைப்பானில் சாதாரண ஹைட்ரஜன் இருந்தால் அதன் பேரிரைச்சலில் நம் பொருளின் குரல் அமுங்கிவிடும். ஆகவே கன ஹைட்ரஜன் ஏற்றிய குளோரோபார்ம் முதலியவற்றைப் பயன்படுத்துகிறோம். அந்தக் கன ஹைட்ரஜனுக்கு இன்னொரு வேலையும் உண்டு: கருவி அதன் குறியை இடைவிடாது கவனித்துக் காந்தப் புலம் நழுவாமல் பூட்டி வைக்கிறது. கரைசல் 0.6 மில்லிலிட்டர் அளவு இருக்க வேண்டும். குறைந்தால் சீர்மை கெடும். கரைந்ததும் சிறிது பஞ்சு வைத்த பாஸ்டர் குழாயின் வழியே வடித்து, 5 மில்லிமீட்டர் குழாயில் ஊற்றுக. விரிசல் விட்ட குழாயைக் கொடுப்பது பெரும் பாவம். அது உள்ளே உடைந்தால் நம் ஒருவரால் ஊரே காத்திருக்கும். வெளியூருக்கு எடுத்துச் செல்வதானால் உலர்ந்த பொடியாகவே கொண்டு போவது நலம். பெங்களூர் ரயிலில் கரைசல் கசிந்து கைப்பையை மஞ்சளாக்கிய அனுபவமும் எனக்கு உண்டு. விண்ணப்பத் தாளில் பொருளின் குறியீடு, எதிர்பார்க்கும் வாய்பாடு, கரைப்பான், எந்தக் கரு, நச்சுத்தன்மை உண்டா என்பவற்றை மறைக்காமல் எழுதுக. கட்டணம் கூடத்துக்குக் கூடம் மாறும். மாணவர்க்குச் சலுகை உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இரண்டாம் முறை உலர்த்தி, வடித்து, அம்மையாரின் அருகிலேயே நின்று எடுத்தேன். அன்று நான் கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. நம் பாடநூல் பலவும் குர்குமினின் நடுவே இரண்டு கார்பொனைல் தொகுதிகளையும், அவற்றிடையே ஒரு சி.எச்.2 தொகுதியையும் வரைந்து காட்டும். 1910-இல் மிலோபெட்ஸ்கா, கோஸ்டானெக்கி, லாம்பே ஆகியோர் வகுத்த அமைப்பின்படி நானும் இளங்கலைத் தேர்வில் அவ்வாறே வரைந்து மதிப்பெண் பெற்றேன். அந்த சி.எச்.2 மெய்யாயின், இரண்டு ஹைட்ரஜனுக்குரிய முகடு ஒன்று தாளில் இருக்க வேண்டும். இல்லை! அதற்கு மாறாக 5.80 என்னும் இடத்தில் ஒரே ஹைட்ரஜனுக்குரிய, பிளவுபடாத ஒற்றை முகடு நின்றது. மற்றொரு ஹைட்ரஜன் எங்கே? ஓர் ஆக்சிஜனிடம் போய்விட்டது. அடுத்த ஆக்சிஜனையும் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு இடையில் நிற்கிறது. இதனையே ஈனால் அமைப்பு என்பர். அந்த ஹைட்ரஜனின் முகடு 16-க்கு அருகே, வெகு தொலைவில் வரும். கருவியின் வழக்கமான எல்லைக்குள் அது சில வேளை அகப்படாது. எல்லையை நீட்டி எடுக்குமாறு முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

6.48-இலும் 7.59-இலும் இரட்டை முகடுகள் இருந்தன; ஒவ்வோர் இரட்டையிலும் பிளவின் அகலம் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் ஹைட்ரஜன்களுக்கே இவ்வளவு பெரிய பிளவு வரும். ஒரே பக்கத்தில் நின்றால் இதனினும் குறையும். ஆகவே குர்குமினின் இரு கைகளும் மடங்காமல் நீண்டிருக்கின்றன என்று அறிகிறோம். கரி நிறமாலையைப் பார்த்தபோது இன்னொரு வியப்பு. குர்குமினில் கரி அணுக்கள் 21. கோடுகளோ 11 தாம்! பத்துக் கரியைத் தொலைத்துவிட்டோமா என்று பதறவேண்டா. மூலக்கூறின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல் இருப்பதால் பத்து இணைகள் பத்துக் கோடுகளாயின. நடுக் கரி தனியே 101-இல் ஒரு கோடு தந்தது. ஆனால் ஹைட்ரஜன் ஓர் ஆக்சிஜனிடம் மட்டும் நின்றால் இரு பாதியும் ஒன்றாகா. 21 கோடுகள் வர வேண்டுமே என்று கேட்கலாம். அந்த ஹைட்ரஜன் இரண்டு ஆக்சிஜனுக்கும் இடையே மிக விரைவாகத் தாவிக்கொண்டே இருக்கிறது. கருவி காண்பது அத்தாவலின் சராசரியை. சமையலறை மஞ்சள் டப்பாவினுள் நொடிதோறும் இப்படி ஒரு தாவல் நடக்கிறது என்பதை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்படியா, நன்றாகக் காய வைத்ததுதானே?" என்று கேட்டார். உலர்த்துவதைப் பற்றி எனக்கு அறிவுரை தர அவருக்கு முழு உரிமை உண்டு.

இந்த இரண்டாம் தாளில் 1.25-இலும் 3.72-இலும் ஒன்றும் இல்லை. 3.95-இல் இரு மெதாக்சித் தொகுதிகளுக்குரிய முகடு உயர்ந்து நிற்கிறது. ஆனால் அதன் பரப்பை அளந்தால், 7.59-இன் முகட்டை இரண்டு என்று கொள்ளும்போது, ஆறு வர வேண்டிய இடத்தில் 5.3 தான் வருகிறது. கடையில் விற்கும் குர்குமினிலும் இக்குறை உண்டு. மெதாக்சி ஒன்று குறைந்ததும், இரண்டுமே இல்லாததுமான உடன்பிறப்புகள் மஞ்சளிலேயே குர்குமினோடு கலந்திருக்கின்றன. படிகமாக்கி அவற்றை விலக்கிவிட்டேன் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்துத் திருத்திவிட்டேன். சிலிக்கா நிரப்பிய குழாயில் இட்டு அவற்றைப் பிரிக்கும் வேலையை வரும் திங்கட்கிழமை தொடங்க இருக்கிறேன். கதவின் முன் ஐயுற்று நின்ற தம்பியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.